கொடிக்கு வந்த நாலு பேர்

அந்த வாளியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்களேன். இல்ல, தரை கழுவ வேண்டாம்னு சொல்லல. பிளீச்சிங் பவுடர் வாசம் எனக்கு ஆகாது. முன்னெல்லாம் ஆகும். எங்க வீட்டுத் தொட்டிக்கு நான்தான் போடுவேன். இப்ப லேசா வந்தாலே மூக்கைப் பொத்திக்கறேன்.

கொஞ்ச நேரம் உங்க பக்கத்துல உக்காந்துக்கறேன். உள்ள இருக்கறது உங்க மாமியாரா? இளைப்பா? ரொம்ப வருஷமா இருக்கோ? பாவம்.

எனக்குச் சொந்தம்னு யாரும் உள்ள இல்ல. ஜன்னலோரக் கட்டில்ல மூக்குக்குக் குழாய் வச்சுப் படுத்திருக்கால்ல, சந்தனமாரின்னு பேரு, அவளைப் பாக்கத்தான் வந்தேன். பாத்தாச்சு. பேசியாச்சு. கீழ இறங்கிப் போயிடலாம்னு வெளிய வந்தேன், போகல. இங்க உக்காந்துட்டேன்.

நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. உப்பளத்துல பொம்பளைங்க மயங்கி விழுந்தாங்கன்னு பங்குனி மாசம் பேசிக்கிட்டாங்களே, அதுதான். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நான் அங்கேயே இருந்தவ. கரண்டு எடுக்கற பிளாண்ட்லதான் வேலை. பிளாண்ட் பேர் வேண்டாம், இன்னும் அங்கதான் இருக்கேன். என் பேரு அமுதவல்லி. அங்க யாருக்கும் அந்தப் பேர் தெரியாது, சேஃப்டி மேடம்னுதான் கூப்பிடுவாங்க. தொப்பி போடாம உள்ள வர்றவனைத் திருப்பி அனுப்பறது, உயரத்துல ஏறறவன் பெல்ட் மாட்டியிருக்கானான்னு பாக்கறது, புகைபோக்கி வழியா என்ன போகுது, சாம்பல் கலந்த தண்ணி எங்க போகுது, கடலுக்குத் திரும்ப விடற தண்ணி எவ்வளவு சூடுன்னு எல்லாம் பாத்து அரசாங்கத்துக்குச் சொல்றது, இதான் என் வேலை. ஒண்ணும் நடக்காத வரைக்கும் எங்களை யாரும் தேட மாட்டாங்க.

நான் சின்ன வயசுலருந்தே பயந்தவ. கேஸ் அடுப்பை மூடினோமான்னு பாதி வழியில திரும்பி வர்ற ஆளு. இந்த வேலைக்கு அதுதான் நல்லதுன்னு நினைச்சுக்கிட்டேன். பயப்படறவதான் ஒழுங்கா பாப்பா. இப்பவும் அதைத்தான் சொல்றேன். நான் எதையும் ஒழுங்காத்தான் பாத்தேன்.

எங்களுக்குக் கடல் தண்ணி வேணும், மெஷினைக் குளிர வைக்க. அந்தத் தண்ணியில பாசியும் சிப்பியும் வந்து குழாயை அடைச்சிடும். அதுக்காகக் குளோரின் கலப்போம். இந்த பிளீச்சிங் பவுடர்ல வாசம் வருதே, அதேதான். ஆனா இது பவுடர் இல்ல, வாயு. ஆள் உயரத்துக்கு மேல நீளமா, படுக்க வச்ச சிலிண்டர்ல வரும். திறந்துக்கிட்டா மேல போகாது, கனம். தரையோட தரையா ஊர்ந்து, பள்ளம் எங்க இருக்கோ அங்க போய் நிக்கும். நிறம் கூட உண்டு. பச்சையும் மஞ்சளுமா. நான் பாடம் எடுக்கறப்ப எல்லாம் இதைச் சொல்லுவேன். சொல்லுவேனே தவிர அதுவரைக்கும் என் கண்ணால பாத்ததில்ல.

பிளாண்டோட மேற்குச் சுவருக்கு அந்தாண்ட உப்பளம். வேற முதலாளியோடது. அங்க உப்பு வாருற பொம்பளைங்க முப்பது நாப்பது பேர் இருப்பாங்க. எங்க ஆளுங்க இல்லைன்னாலும் காத்து அந்தப் பக்கம் போனா முதல்ல அவங்கதான். அதனால சைரன் ஊதினா என்ன பண்ணணும்னு அவங்களுக்கும் சொல்லிக் குடுக்கணும், மாசம் ஒரு தடவை ஒத்திகை நடத்தணும். விதி அப்படி. நான் ஒரு மாசம் கூடத் தவறவிட்டதில்ல. எனக்கு முன்னால இருந்தவர் வருஷத்துக்கு ஒண்ணு நடத்தியிருந்தா பெரிசு.

முதல் ஒத்திகைக்கு எல்லாரையும் கூட்டிட்டு வந்தேன். உப்பளத்துக் கணக்கப்பிள்ளைக்குக் கோவம்னா கோவம். வெயில் ஏறுறதுக்குள்ள வார வேண்டிய உப்பு, வேலை கெடுதுன்னு சத்தம் போட்டாரு. எங்கிட்ட ஒண்ணும் பேசல, அந்தப் பொம்பளைங்களைத்தான் கண்டபடி திட்டினாரு. அதைக் கேட்டுட்டு நிக்க எனக்கு மனசு வரல. அதனால நானே ஒரு ஏற்பாடு பண்ணேன். எல்லாரும் வர வேண்டாம், நாலு பேர் வந்தா போதும். மேற்கு கேட்டுக்கு வெளிய, சுவரை ஒட்டி ஒரு கொடி நட்டேன். கூடுமிடம்னு எழுதி, பச்சைக் கொடி. அங்க சுவர்ல எங்க பிளாண்ட் பேரும் ஒரு மரமும் வரைஞ்சிருக்கும், போட்டோவுல நல்லா விழும். சைரன் ஊதினதும் அந்த நாலு பேரும் கொடிக்கிட்ட வந்து நிப்பாங்க. போட்டோ எடுப்போம், டீயும் பிஸ்கட்டும் குடுப்போம், அரை மணி நேரம் தகரக் கொட்டகை நிழல்ல உக்காந்துட்டுப் போவாங்க. மத்தவங்க பாட்டுக்கு வேலை பாக்கலாம். யாருக்கும் கஷ்டம் இல்ல. கணக்கப்பிள்ளையே எனக்குக் கும்பிடு போட்டாரு.

சந்தனமாரிதான் அந்த நாலு பேர்ல முதல் ஆள். எப்பவும் வேகமா நடந்து வருவா. என்னைவிட ரெண்டு மூணு வயசு சின்னவ. ஒரு தடவை, மேடம், சத்தம் கேட்டா நெஞ்சு படபடன்னு அடிக்குன்னு சொன்னா. நான்தான் அவ தோள்ல கை வச்சு, ஒண்ணும் ஆகாது, சத்தத்துக்குப் பயப்படாதீங்க, நேரா கொடிக்கு வந்துடுங்கன்னு சொன்னேன். வேற யாரு அவங்ககிட்ட அப்படிப் பேசுவா, சொல்லுங்க. அந்த பிளாண்ட்ல வேற ஒருத்தருக்கும் அவ பேர் கூடத் தெரியாது.

அன்னிக்கு வியாழக்கிழமை. ஒத்திகை நாள் இல்ல. காலை நேரத்துல அங்க காத்து நிலத்துலருந்து கடலுக்குப் போகும். வெயில் ஏறினதும் திரும்பிடும், கடல்லருந்து மேற்க அடிக்கும். அந்தத் திரும்பற நேரம். நான் சாம்பல் லாரி போற ரோட்டுல தண்ணி தெளிச்சிருக்காங்களான்னு பாத்துட்டிருந்தேன். குளோரின் கொட்டகையில சிலிண்டர் மாத்தறப்ப வால்வு கிட்ட விட்டுக்கிச்சு. வாயு கசிஞ்சா தானா இழுத்து, காஸ்டிக் சோடா கலந்த தண்ணியில கரைக்கறதுக்கு ஒரு மெஷின் இருக்கு. அது ஓடல. ஏன் ஓடலங்கறது வேற கதை, அதைத்தான் இப்ப விசாரிச்சுட்டிருக்காங்க, அது என் பிரிவு இல்ல.

வயர்லெஸ்ல ஒருத்தன் கத்தினான். என்ன சொன்னான்னு கூடப் புரியல. குரலைக் கேட்டதுமே எனக்குப் புரிஞ்சிடுச்சு. ஓடினேன். கொட்டகைக்கு மேல ஒரு துணிப்பை தொங்கும், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு காட்ட. அது ஆடாம தொங்கிட்டிருந்துச்சு. எங்க தலைவர் கோதண்டராமன் சாருக்குப் போன் போட்டேன். ஆளுங்க மாஸ்க் போட்டு அடைக்கப் போயிருக்காங்க, உள்ள சைரன் மட்டும் போதும், வெளி சைரன் ஊதினா கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போயிடும், கொஞ்சம் பொறுங்கன்னாரு. சரி சார்னேன். போனைக் காதுல வச்சுக்கிட்டே அந்தத் துணிப்பையைப் பாத்துட்டிருந்தேன். அது மெல்ல எழும்புச்சு. கொஞ்சமா ஆடுச்சு. அப்புறம் வாலை நீட்டி மேற்க பாத்து நின்னுச்சு.

நான் பொறுக்கல. வேலையே போனாலும் போகட்டும்னு கண்ணாடியை உடைச்சு வெளி சைரனை அழுத்திட்டேன். அவர் போன்ல என்னமோ சொல்லிட்டே இருந்தாரு. இதை நீங்க யாருகிட்ட வேணும்னாலும் கேளுங்க, அழுத்தினது நான்தான்.

அழுத்திட்டு எனக்கு ஒரு நிம்மதி. மாசா மாசம் சொல்லிக் குடுத்திருக்கோம், ஓடிடுவாங்கன்னு. மாஸ்கை மாட்டிக்கிட்டு மேற்கு கேட்டைத் திறந்து வெளிய வந்தேன்.

ஒருத்தரும் ஓடல.

உப்புப் பாத்தியில குனிஞ்ச முதுகெல்லாம் அப்படியே குனிஞ்சிருக்கு. சைரன் காதைப் பிய்க்குது, யாரும் நிமிரக் கூட இல்ல. நாலு பேர் மட்டும் வரப்பு மேல வரிசையா வந்துட்டிருக்காங்க. சேலையைச் சரி பண்ணிக்கிட்டு, தலையை ஒதுக்கிக்கிட்டு. சந்தனமாரி முன்னால. கொடிக்கு வர்றாங்க. எனக்குப் பின்னால சுவருக்கடியில மழைத்தண்ணி போற வாய்க்கால் ஒண்ணு இருக்கு, அது கொடிக்குப் பக்கத்துலதான் வெளிய திறக்கும். திரும்பிப் பாத்தேன். அந்த வாய்க்கால் வாயிலருந்து அது வந்துட்டிருந்துச்சு. பாடத்துல நான் சொல்ற அதே நிறம். அவசரமே இல்லாம, கொதிச்ச பால் பொங்கி வழியற மாதிரி, மெதுவா வழிஞ்சு தரையில பரவுது.

ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினேன், வராதீங்க, போங்கன்னு. சந்தனமாரி பதிலுக்குக் கையை ஆட்டிட்டு வேகமா நடக்க ஆரம்பிச்சா. சீக்கிரம் வான்னு கூப்பிடறேன்னு நினைச்சிருக்கா. நான் கத்தறேன், மாஸ்குக்குள்ள கத்தினா வெளிய என்ன கேக்கும்? என் சத்தம் என் காதுக்கே திரும்பி வருது. மாஸ்கைக் கழட்டியிருக்கலாமேன்னு கேக்கறாங்க. நீங்களும் நினைக்கறீங்க, முகத்துல தெரியுது. வாயு இருக்கற இடத்துல மாஸ்கைக் கழட்டக் கூடாது, அதுதான் எங்க முதல் பாடம். கழட்டினா நானும் அங்க விழுந்திருப்பேன், அவளை யார் இழுத்துட்டு வந்திருப்பா? நான் விதிப்படிதான் செஞ்சேன். ஆனா ஒண்ணு. அந்த நேரத்துல விதி எல்லாம் ஞாபகம் இல்ல. கை ரெண்டும் மாஸ்கை முகத்தோட சேத்து அமுக்கிப் பிடிச்சிருந்துச்சு. அது மட்டும் ஞாபகம் இருக்கு.

அவ பக்கமா ஓடினேன். அவ அதுக்குள்ள கொடிக்குப் பக்கத்துலயே வந்துட்டா. சிரிச்ச முகமா என்னமோ கேட்டா. உதடு அசையறது தெரிஞ்சுது. மாஸ்க் போட்டிருக்கீங்களே, இன்னிக்குப் பெரிய ஆபீசர் வந்திருக்காங்களான்னு கேட்டாளாம், கூட வந்தவங்க அப்புறம் சொன்னாங்க. கேட்டு முடிச்சு மூச்சை இழுத்தா. அவ்வளவுதான். கண்ணு ரெண்டும் அப்படியே நின்னுச்சு. கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு முட்டி போட்டு உக்காந்துட்டா. பின்னால வந்த மூணு பேருக்கும் நெடி பட்டதும் தெரிஞ்சுபோச்சு, திரும்பி ஓடினாங்க.

நான் அவ கையைப் பிடிச்சு இழுத்தேன். உப்பளத்துல வேலை செய்யற உடம்பு, கனம். வரப்புல அவ கால் தேயுது. வடக்க, காத்துக்குக் குறுக்க போகணும்னு எனக்குத் தெரியும், எந்தப் பக்கம் வடக்குன்னு அந்த நிமிஷம் தெரியல. அந்தப் பக்கமும் பாத்தி, இந்தப் பக்கமும் பாத்தி, எல்லாம் வெள்ளையா ஒண்ணு மாதிரி. அழுதேன்னு நினைக்கறேன். மாஸ்க் கண்ணாடி மங்கிப்போச்சு. அப்பத்தான் ஓடிப்போன அந்த மூணு பேரும் திரும்பி வந்தாங்க. முந்தானையைப் பாத்தித் தண்ணியில நனைச்சு மூக்கைச் சுத்திக் கட்டிக்கிட்டு வந்து, ஆளுக்கொரு பக்கமா அவளைத் தூக்கிட்டாங்க. நான் பின்னாலேயே ஓடினேன். அவங்க போன பக்கம் வடக்கா இருந்துச்சு.

கொஞ்ச நேரத்துல வால்வை அடைச்சிட்டாங்க. உயிர் போகல, எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. தூரத்துல இருந்தவங்களுக்குக் கண் எரிச்சல், இருமல், அந்த மூணு பேருக்கு ரெண்டு நாள் ஆஸ்பத்திரி. இவளுக்குத்தான் நுரையீரல் வெந்துபோச்சுன்னு டாக்டர் சொன்னாரு. இனிமே எந்திரிச்சு நடப்பா, ஆனா பாரம் தூக்க முடியாது, வெயில்ல நிக்க முடியாது, குரல் பழையபடி வராதாம்.

விசாரணைக்கு அதிகாரிங்க வந்தாங்க. உப்பளத்து ஆளுங்களுக்குப் பயிற்சி குடுத்தீங்களான்னு கேட்டாங்க. போட்டோவை எல்லாம் காட்டினேன். எல்லாத்துலயும் சந்தனமாரி கொடிக்குப் பக்கத்துல சிரிச்சுட்டு நிக்கறா. பாத்துட்டு, இந்த அளவுக்கு யாரும் செய்யறதில்லம்மான்னு சொன்னாரு ஒருத்தர். அன்னிக்கு ராத்திரி நான் ஒரு வாய் சாப்பிடல. ஏன்னு கேக்காதீங்க. நல்லதாத்தான சொன்னாரு.

கொடியை அந்த இடத்துலருந்து எடுத்துடலாம்னு கோதண்டராமன் சார்கிட்ட கேட்டேன். விசாரணை முடியாம எதையும் மாத்தினா தப்பை மறைக்கற மாதிரி ஆயிடும்னு சொல்லிட்டாரு. அவர் சொல்றதும் நியாயம்தானே. ஆனா ஒத்திகையை நிறுத்தக் கூடாதாம். நாளைக்குக் காலைல ஒத்திகை. சைரனை நான்தான் அழுத்தணும்.

அதனாலதான் இன்னிக்கு வந்தேனோ என்னமோ. இவ்வளவு நாள் வரல. பயம்னு இல்ல. வேலை.

சாத்துக்குடி வாங்கிட்டுப் போனேன். அவளைப் பெத்தவங்க யாரும் இல்ல, செண்பகவடிவுன்னு அவ அக்காதான் கூட இருந்து பாத்துக்கறாங்க, அவங்களும் அதே உப்பளம்தான். என்னைப் பாத்ததும் எந்திரிச்சு ஸ்டூலை என் பக்கம் தள்ளினாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டினா நல்லா இருக்கும்னு கூட நினைச்சேன். சந்தனமாரி கண்ணைத் திறந்து பாத்தா. சிரிச்சா. அந்தச் சிரிப்பு போட்டோவுல இருக்கற அதே சிரிப்பு. குரல் வரல, வெறும் காத்துதான் வருது, நான் குனிஞ்சு காதை வச்சேன்.

"கொடிக்குத்தான மேடம் வரச் சொன்னிய. வந்தேன்லா."

குத்திக் காட்டலங்க. சத்தியமா இல்ல. நான் சரியா செஞ்சேன்ல மேடம்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளை கேக்கற மாதிரி கேக்கறா. நான் தலையை ஆட்டினேன். அவ மூச்சு வாங்கிட்டு மறுபடியும் குனியச் சொன்னா. இனிமே அவளால வர முடியாதாம். அந்த நாலு பேர்ல அவ இடத்தை வேற யாருக்கும் குடுத்துடாம அவ அக்காவுக்குக் குடுக்கணுமாம். அக்காவுக்கு முட்டி வலி, வெயில்ல குனிஞ்சு நிக்க முடியல, அந்த அரை மணி நேரமாவது நிழல்ல உக்காந்துட்டு வரட்டும்னு சொல்றா.

நான் சரின்னு சொல்லிட்டேன்.

வேற என்ன சொல்றது, நீங்களே சொல்லுங்க. குழாய் வச்சுப் படுத்திருக்கற ஒருத்தி கேக்கறப்ப. சரின்னு சொல்லிட்டு வந்துதான் இங்க உக்காந்திருக்கேன்.

வர வேண்டாம்னு அந்த அக்காகிட்ட சொல்லிடுங்கன்னு லேசா சொல்றீங்க. சொன்னா ஏன்னு கேப்பாங்களே.

அதோ அவங்களே வர்றாங்க. பச்சைச் சேலை, கையில சொம்பு. ஒரு நிமிஷம் இருங்க. போயிடாதீங்க.

அக்கா, இங்க வாங்க. நாளைக்குச் சைரன் ஊதினா நீங்க கொடிக்கு வராதீங்க. சொல்றேன்ல, வர வேண்டாம். யாரும் வர வேண்டாம்னு சொல்லுங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாருங்க, ஒரு பிடி மண்ணைத் தூக்கிப் போட்டாத் தெரியும், அதுக்குக் குறுக்க ஓடுங்க. நான் கையை ஆட்டினாலும் வராதீங்க. கணக்கப்பிள்ளை திட்டினா திட்டட்டும். எல்லாரும் ஓடுங்க.

கேட்டீங்களா, என்ன கேட்டாங்கன்னு?

"அப்ப அந்தக் கொடி எதுக்கு மேடம்?"

எத்தனையோ ஆபீசருங்க வந்து எத்தனையோ கேட்டிருக்காங்க. இதை ஒருத்தரும் கேக்கல.

போட்டோவுக்கு, அக்கா.

நான் அப்படிச் சொல்லணும்னு நினைக்கல. வாய் தானா சொல்லிடுச்சு. உங்க காதுலயும் விழுந்துச்சுல்ல. பாத்தீங்கள்ல, சொம்புல தண்ணி கூடப் பிடிக்காம அவங்க அப்படியே திரும்பி உள்ள போயிட்டாங்க. தங்கச்சிகிட்ட சொல்லுவாங்க. இப்ப கட்டிலுக்குப் பக்கத்துல குனிஞ்சு சொல்லிட்டிருப்பாங்க.

நான் இப்ப எந்திரிச்சுக் கீழ போயிடலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா அவ கூப்பிடுவா. கூப்பிட்டா உள்ள போகணும். இங்கருந்து கூப்பிட்டாக் கேக்குமா? அவளுக்குச் சத்தமே வராதே.

உங்க மாமியாருக்கு மருந்து குடுக்க இன்னும் நேரம் இருக்குல்ல? கொஞ்சம் இருங்க. அந்த அக்கா கதவுகிட்ட வந்து நின்னா எங்கிட்ட சொல்லுங்க. நான் அந்தப் பக்கம் பாக்கல.